சத்தமெல்லாம் சரி

புதூர்நாடு,
9.9.1979

தம்பி தீர்த்தகிரிக்கு,

நலம், நலமறிய ஆவல்னு எழுதி ஆரம்பிக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கு அத எழுதக் கை வரல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

போன வியாழக்கெழம சீமெண்ணெ வாங்க கோபால்சாமி டீக்கடைப் பக்கம் போனேன். கடைக்குள்ள போறதுக்கு முந்தியே கேட்டுடுச்சு. செல்லி இருமுறா. கொக் கொக் கொக் கொக்னு மூச்சு வுடாம இருமி, கடைசியில ஊஉக்னு உள்ள இழுப்பாளே, அதே இருமல். என் புள்ளய மண்ணுல வெச்சி ஆறு மாசம் ஆச்சு. அது எனக்கு அந்த நேரத்துல ஞாபகமே வரல. டின்ன கீழ போட்டுட்டு ஓடினேன். 'யாரு புள்ளயத் தூக்கினு வந்தது, குடுங்க'ன்னு கேட்டுகினே உள்ள ஓடினேன்.

உள்ள தசரதன் வாத்தியாரு பெஞ்சுல உக்காந்து ஒரு பத்திரிகைய விரிச்சி வெச்சிகினு இருந்தாரு. சுத்தி பத்துப் பன்னெண்டு பேரு. நம்ம ஊருப் பையன் மெட்ராஸ் பத்திரிகையில கத எழுதியிருக்கான்னு அவுரு எல்லாருக்கும் படிச்சிக் காட்டினு இருந்திருக்காரு. இருமல் வர்ற எடத்த நீ எழுத்துல எப்பிடி எழுதியிருந்தியோ அப்பிடியே அவுரு வாயால சொல்லியிருக்காரு. என்னப் பாத்ததும் பத்திரிகைய மடிச்சி முதுகுக்குப் பின்னால வெச்சிகினாரு. பக்கத்து வூட்டு ஜெயம்மா என் கையப் புடிச்சி வெளிய இட்டுனு வந்தா. நான் வுடல. பத்திரிகைய வாங்கினு வந்து வூட்டுல உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன்.

தம்பி, சத்தமெல்லாம் சரியா எழுதியிருக்க. நம்ம வூட்டுத் தட்டிக் கதவு நெறுக்குன்னு தொறக்கறது, தார்ப்பாய் மேல புளியங்கா சடப்பொட சடப்பொடன்னு விழறது, ஜீப்பு வளைவுல திரும்பும்போது ம்ம்ம்னு மொனகறது, ஒண்ணுகூடத் தப்பு இல்ல. நடந்தத மட்டும் மாத்தி எழுதியிருக்க.

புள்ளயோட மாமன் கையெடுத்துக் கும்புட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்னு கெஞ்சறான். அப்பன்காரன் புளி உலுக்கி முடியட்டும், சாமி துண்ணூறு போதும்னு சொல்லித் தடுக்கறான். அப்பிடித்தான எழுதியிருக்க?

அப்பிடியா நடந்துச்சு? நீயே சொல்லு.

பாஞ்சாலை

---

செங்கம்,
18.9.1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடையில் உனக்கு அப்படி நேர்ந்ததைப் படித்ததிலிருந்து அச்சகத்தில் என்னால் சரியாக எழுத்துக் கோக்க முடியவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயரைத் தலைகீழாகக் கோத்துவிட்டேன். என் கதை வந்த பத்திரிகை மலைக்கு வரும் என்றே நான் நினைக்கவில்லை.

நீ கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அது கதை, அக்கா. அதில் வரும் அப்பன் மாமா இல்லை. பெயர் வேறு, ஊர் வேறு. கதை என்று வந்தால் ஒரு பக்கம் கெஞ்சுகிறவன் வேண்டும், இன்னொரு பக்கம் தடுக்கிறவன் வேண்டும். அப்போதுதான் படிக்கிறவர்களுக்கு மனசு பதறும். படித்த பிறகு யாராவது ஒருத்தர் தன் பிள்ளையைச் சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த எண்ணத்தில்தான் எழுதினேன்.

சத்தங்களைப் பற்றிச் சொன்னாய். எழுதுகிறவர்கள் ஓடை என்றால் சலசல என்கிறார்கள், மழை என்றால் சோவென்று என்கிறார்கள், இருமல் என்றால் லொக் லொக். காதால் கேட்காமலே எழுதிவிடுகிறார்கள். சின்ன வயதில் நம் கொல்லையில் பலாப்பழம் விழுந்தபோது நான் 'தொப்' என்றேன். நீ சிரித்துவிட்டு, "தொப்புன்னு விழறது தேங்கா. இது புத்தக்குன்னு இல்ல விழுந்துச்சு" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பழக்கம். கேட்ட சத்தத்தை எல்லாம் நோட்டில் குறித்து வைக்கிறேன். நான் எழுதுகிற எதிலும் பாதி உன் காது.

செல்லியின் இருமலும் அந்த நோட்டில் இருந்தது. அதை நான் எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் அவள் இருந்தாள் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது? ஒரு போட்டோ கூட நாம் எடுக்கவில்லையே.

மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
தீர்த்தகிரி

---

புதூர்நாடு,
7.10.1979

தம்பிக்கு,

மாமாகிட்ட சொல்லச் சொல்லியிருக்க. எங்க போய்ச் சொல்றது? அவுரு இங்க இல்ல.

அப்பன் பேர மாத்திட்டேன்னு எழுதியிருக்க. பேர மாத்தினா ஆச்சா? இருமல மாத்தலயே. அந்த இருமல இந்த ஊரே கேட்டிருக்குது. பக்கத்துக் கொல்லையில களை எடுத்தவங்களுக்குக்கூடத் தெரியும் அது யாரு புள்ளன்னு. இருமல் நெசமா இருக்கறதால மத்ததும் நெசம்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க. படிச்சவன், கூடவே இருந்தவன், அவன் பொய்யா எழுதுவான்னு கேக்கறாங்க.

கடைக்குப் போனா, "இன்னா ரங்கா, உனக்குப் புளிதான் பெருசாப் போச்சா?"ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டாங்களாம். உனக்குத்தான் தெரியுமே, அவுரு எதுக்கும் பதில் பேசற ஆளு இல்ல. ஒரு வாரம் வூட்டுலயே இருந்தாரு. கொல்லைக்குக்கூடப் போகல. அப்பறம் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுக்க மேஸ்திரி வந்தாரு. அவுருகூட பூட்டாரு. எப்ப வருவீங்கன்னு கேட்டேன். பாக்கலாம்னு சொன்னாரு.

அன்னிக்கி நடந்தது உனக்கு மறந்துபோயிருந்தா நான் எழுதறேன்.

மாசி மாசம், செவ்வாக்கெழம. உங்க அச்சகத்துல மிஷின் ரிப்பேர்னு நீ வந்து தங்கியிருந்த. செல்லிக்கு எட்டு நாளா இருமல். ரெண்டு வயசுப் புள்ள, இருமி இருமி மூஞ்சி நீலம் பூத்துச்சு. கஞ்சி குடிச்சா அதே நிமிசம் வெளிய வந்துச்சு. புளி மூட்டை ஏத்தினு சடையன் ஜீப்பு திருப்பத்தூருக்குப் பொறப்பட்டுச்சு. உங்க மாமா மரத்துல இருந்தவரு பாதியில எறங்கி வந்து புள்ளயக் கம்பளியில சுத்தித் தூக்கினு ரோட்டுக்கு வந்தாரு. "ஏத்தினு போலாமா தீர்த்தகிரி?"ன்னு உன்னத்தான் கேட்டாரு. நம்ம வூட்டுல படிச்சவன் நீ.

நீ இன்னா சொன்ன?

"சாதாரண சளிதான் மாமா. இந்தக் குளிர் காத்துல ஜீப்புல கொண்டு போனா ஜாஸ்தியாயிடும். நான் செங்கத்துல டாக்டரக் கேட்டு மருந்து அனுப்பறேன்."

சொல்லிட்டு அதே ஜீப்புல முன் சீட்டுல ஏறி உக்காந்து நீ போன. எடம் இருந்துச்சு.

வியாழக்கெழம காலையில புள்ள போயிடுச்சு. மத்தியானம் நீ மருந்தோட வந்த.

இத ஏன் நீ எழுதல? சத்தம் கேக்கலயா?

பாஞ்சாலை

---

செங்கம்,
24.10.1979

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ எழுதியதுதான் நடந்தது. மாமா கேட்டார். நான் வேண்டாம் என்றேன். கதையில் என் இடத்தை மாற்றிக்கொண்டேன். எழுதும்போது அது பொய் என்றே தோன்றவில்லை. நாலைந்து பக்கம் எழுதிய பிறகு, நான் கெஞ்சியது எனக்கே ஞாபகம் இருப்பதுபோல ஆகிவிட்டது.

பத்திரிகை ஆசிரியருக்கு இன்றைக்கே எழுதுகிறேன். உண்மையில் நடந்தது வேறு என்று அடுத்த இதழில் போடச் சொல்கிறேன். மாமா இருக்கும் தோட்டத்தின் பெயர் தெரிந்தால் எழுது.

தீர்த்தகிரி

---

செங்கம்,
3.12.1979

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மழையில் மலைப்பாதை சரிந்துவிட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பத்திரிகையிலிருந்து ஒரு கார்டு வந்தது. கதை எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். ஒலிகள் அபாரமாம். கதையில் எது நிஜம், எது கற்பனை என்று விளக்கம் போடும் வழக்கம் இல்லையாம். அடுத்த கதையை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதனாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் மலை இறங்கி, திருப்பத்தூரில் பஸ் பிடித்து, சாயங்காலம் நாலரைக்கே செங்கம் வந்துவிட்டேன். டாக்டர் கிளினிக்கில்தான் இருந்தார். வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் பார்த்தேன். ஆனால் நேராக என் அறைக்குப் போனேன். வழியெல்லாம் செல்லியின் இருமல் என் காதில் இருந்தது. நோட்டில் அதை மூன்று விதமாக எழுதிவைத்திருந்தேன், மூன்றும் சரியாக வரவில்லை. பஸ் சத்தத்தில் அது கலைந்துபோகுமோ என்று பயம். மறப்பதற்குள் சரியாகப் பிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பிடித்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. ஆமாம் அக்கா, சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் கிளினிக்கைச் சாத்தியிருந்தார்கள்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம்தான் டாக்டரைப் பார்த்தேன். நோட்டைப் பார்த்து அந்த இருமலை அவருக்கு இருமிக் காட்டினேன். பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தினார். "இது கக்குவான். குழந்தை எங்கே?" என்றார். மலையில் என்றேன். "இதைக் கேட்டுவிட்டுமா அங்கே விட்டுவிட்டு வந்தாய்?" என்றார். சடையன் ஜீப் அன்று காலையிலேயே மலைக்குத் திரும்பியிருந்தது. முதல்நாள் சாயங்காலமே நான் டாக்டரைப் பார்த்திருந்தால், கடைசி பஸ்ஸில் திருப்பத்தூர் போய்ச் சடையனிடம் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை காலையில் அந்த ஜீப்பிலேயே செல்லியைக் கீழே கொண்டுவந்திருக்கலாம். பிழைத்திருப்பாளா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. நானும் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

நடந்ததை நானே கோத்து அச்சடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் சொல்லிச் சாவி வாங்கிக்கொண்டேன். நூறு பிரதி. திருப்பத்தூரில் சடையனைப் பார்த்து நோட்டீஸ் கட்டைக் கொடுக்கிறேன். அதில் இருப்பது இதுதான்:

'எங்கள் அக்காள் மகள் செல்லியம்மாள் இறந்ததற்கு அவள் தகப்பன் ரங்கன் காரணம் அல்ல. அவர் குழந்தையை ஜீப்பில் ஏற்றக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று தடுத்தவன் நான். மருந்து வாங்கப் போய், டாக்டரைப் பார்க்காமல் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவனும் நான். பத்திரிகையில் நான் எழுதிய கதையில் இது மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. இப்படிக்கு, தீர்த்தகிரி.'

தசரதன் சாரை அதே கடையில் இதைப் படிக்கச் சொல்.

தீர்த்தகிரி

---

புதூர்நாடு,
6.1.1980

தம்பிக்கு,

உன் லெட்டரும் நோட்டீஸ் கட்டும் வந்து மூணு வாரம் ஆச்சு. லெட்டரப் படிச்சிட்டு உனக்கு இனிமே எழுதவே கூடாதுன்னு இருந்தேன். ஒரு சாயங்காலம். ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து என் புள்ள இருமலுக்கு எழுத்துத் தேடினு இருந்தியா? அங்க நீ தேடற நேரத்துல இங்க நான் அவள மடியில போட்டு முதுகத் தடவினு இருந்தேன்.

வாத்தியாரு கடையில படிச்சாரு. இந்தத் தடவ நானும் நின்னு கேட்டேன். ஓடல. உன் கதயப் படிக்கும்போது ஆடி ஆடி, கையாட்டிப் படிச்சவரு, இத நின்ன எடத்துல நின்னு படிச்சாரு. அதுல ஒரு சத்தங்கூட இல்ல. கவனிச்சேன். படிச்சி முடிச்சப்பறம் மாமாவ மூஞ்சிக்கு நேராக் கேட்ட ஆளு டம்ளர வெச்சிட்டு எழுந்து போயிட்டாரு. கோபால்சாமி ஒண்ண வாங்கி சுவத்துல ஒட்டினாரு.

டாக்டரு விஷயத்த நோட்டீஸ்ல போடாம வுட்டிருக்கலாம் நீ. மாமா மேல குத்தம் இல்லன்னு மட்டும் போட்டிருந்தாலே போதும். அதையும் போட்டிருக்க. அந்த ஒண்ணுக்காகத்தான் இந்த லெட்டர் எழுதறேன்.

மேஸ்திரியோட ஆளு பொங்கலுக்கு முன்ன குடகுக்குத் திரும்பிப் போறாரு. அவருகிட்ட ஒரு நோட்டீச குடுத்து வுடறேன். தோட்டத்துப் பேரு அவருக்கும் சரியாத் தெரியல.

புள்ளைங்களுக்கு ஊசி போட நர்சம்மா போன வாரம் மலைக்கு வந்தாங்க. கக்குவான்னு நீ எழுதியிருந்த பேர அவங்ககிட்டச் சொன்னேன். அதுக்கும் சேத்துத்தான் இந்த ஊசின்னு சொன்னாங்க. ஊருல வூடு வூடா நானே கூடப் போய் நின்னேன். ஜெயம்மா பேத்திய நான்தான் மடியில புடிச்சிகினேன். ஊசி குத்தினதும் வீல்னு கத்துச்சு. அது கத்தி முடிக்கற வரைக்கும் நான் கேட்டுகினே இருந்தேன்.

பாஞ்சாலை

---

செங்கம்,
2.2.1980

அக்கா,

நர்சம்மாவோடு நீ வீடு வீடாகப் போனதைப் படித்தேன்.

பத்திரிகைக்கு நான் வேறு கதை அனுப்பவில்லை. எழுதவும் இல்லை. சபதம் எதுவும் இல்லை, எழுத உட்கார்ந்தால் அந்தச் சாயங்காலம்தான் வருகிறது.

மாசியில் செல்லிக்கு வருஷம் திரும்புகிறது. நான் வரலாமா? வேண்டாம் என்றால் வரவில்லை. மாமாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?

தீர்த்தகிரி

---

புதூர்நாடு,
30.3.1980

தம்பிக்கு,

மாசியில வரலாமான்னு கேட்டிருந்த. நான் பதில் போடல. நீயும் வரல. தனியாத்தான் படையல் போட்டேன். அது அப்பிடியே இருக்கட்டும்னு தோணுச்சு.

உங்க மாமா வந்துட்டாரு. வந்து பத்து நாளாச்சு. கண்ணு உள்ள போயி, ஆளு பாதியா எளச்சிட்டாரு. துண்டு முடிச்சுல உன் நோட்டீச மடிச்சி வெச்சிருந்தாரு. அங்க லாரி ஓட்டற நம்மூருப் பக்கத்து ஆளு ஒருத்தரு படிச்சிக் காட்டினாராம்.

வந்த மூணாம் நாளு ரெண்டு பேரும் உக்காந்து புளியில கொட்ட எடுத்துகினு இருந்தோம். தல நிமிராம சொன்னாரு, "தீர்த்தகிரி எழுதின கத முழுப் பொய்யி இல்ல பாஞ்சால."

"இன்னா சொல்றீங்க? அவனே பொய்யின்னு அச்சடிச்சி அனுப்பியிருக்கான்."

"நான் புள்ளயத் தூக்கினு ரோட்டுக்கு வந்தது நெசம். ஆனா அவன் வேணாம்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கீழ எனக்கு யாரத் தெரியும்? எந்த வாசல்ல போயி நிக்கறது, யார இன்னான்னு கேக்கறது? ரோட்டுக்கு வர்ற வரைக்கும் அந்தப் பயந்தான் எனக்கு. அவன் போறேன்னதும் தப்பிச்சோம்னு நெனச்சேன். அத அவன் என் மூஞ்சியில பாத்துட்டு எழுதிட்டான்னு நெனச்சித்தான் ஊர வுட்டுப் போனேன். ஊரு பேசினதுக்காகப் போகல."

சொல்லிட்டு மறுபடியும் கொட்ட எடுக்க ஆரம்பிச்சாரு. நான் அவுரு கையப் புடிச்சேன். புள்ள போனதுக்கப்பறம் அன்னிக்கித்தான் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுதோம்.

இத உனக்கு எழுதச் சொன்னது அவுருதான். உன் பாரம் கொறையணும்னு நான் எழுதல. உன்னுது உன்னுதுதான். சித்திர பொறந்ததும் உன்ன வரச் சொன்னாரு. நான் கூப்புடறனான்னு கேட்டா, தெரியல. வந்தா சோறு போடுவேன். முன்ன மாதிரி பேசுவனான்னு நீ எதிர்பாக்காத.

இன்னும் ஒண்ணு இருக்குது.

உன் கதயில மாமனும் அப்பனும் ரோட்டுல நிக்கறாங்க. நோட்டீஸ்லயும் நீங்க ரெண்டு பேருதான். மாமா சொன்னதுலயும் நீங்க ரெண்டு பேருதான். நான் எங்க இருந்தேன்னு இது வரைக்கும் யாரும் கேக்கல. நானும் அங்கதான் நின்னேன். கம்பளி நுனி என் கையில இருந்துச்சு. புள்ள உங்க ரெண்டு பேரையும் பாக்கல, என்னத்தான் பாத்துகினு இருந்தா. அந்த இருமல எட்டு நாளும் மடியில வெச்சிக் கேட்டவ நான். அது சளி இல்லன்னு எனக்குத் தெரியும். 'குடுங்க, நான் போறேன்'னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ரெண்டு ஆம்பளைங்க பேசி முடிச்சிட்டாங்க, படிச்சவன் சொல்லிட்டான், நாம இன்னா சொல்றதுன்னு நின்னுட்டேன். ஜீப்பு போயிடுச்சு. அவருகிட்ட இருந்து புள்ளய வாங்கி, கம்பளிய இழுத்துப் போத்தி, வூட்டுக்கு நடந்து வந்தேன்.

இது மாமாவுக்கும் தெரியாது. உனக்கு மட்டுந்தான் சொல்றேன். இத எங்கயும் எழுதாத தம்பி. இது என்னுது.

அக்கா,
பாஞ்சாலை